வீட்டில் செய்த நைட்ரஜன் லேசரில் பொறி வருகிறது, லேசர் வரவில்லை. எங்கே கோளாறு?

அலுமினியத் தாள், பிளாஸ்டிக் ஷீட், இரண்டு அலுமினியப் பட்டைகள், ஒரு ஹைவோல்டேஜ் மாட்யூல் இவற்றை வைத்து, காற்றிலேயே ஓடும் நைட்ரஜன் லேசர் செய்திருக்கிறீர்கள். டப் டப்பென்று பொறி அடிக்கிறது, லேசர் மட்டும் வரவில்லை, துறைக்குப் புதியவன் என்கிறீர்கள். பொறி வருகிறது என்றாலே பாதி வேலை முடிந்துவிட்டது. மீதி எல்லாம் வேகம் சம்பந்தப்பட்டது. இந்த லேசரைச் செய்து ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் வரும் பத்துக் கோளாறில் எட்டு, மின்சாரம் மெதுவாகப் பாய்வதாலோ ஒரே இடத்தில் குவிந்து பாய்வதாலோ வருவதுதான்.

காரணம் நைட்ரஜனிலேயே இருக்கிறது. மின்னிறக்கம் நடக்கும்போது நைட்ரஜன் மூலக்கூறுகள் ஆற்றல் கூடிய ஒரு மேல்நிலைக்குப் போய், அங்கிருந்து கீழ்நிலைக்கு இறங்கும்போது 337.1 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை விடுகின்றன. கீழ்நிலையைவிட மேல்நிலையில் மூலக்கூறுகள் அதிகம் இருந்தால்தான் லேசர் வரும். ஆனால் கீழ்நிலை மைக்ரோசெகண்ட் கணக்கில் காலியாகாமல் கிடக்கும். மேல்நிலையோ, சாதாரணக் காற்றழுத்தத்தில் மோதல்களால் ஓரிரு நானோசெகண்டில் காலியாகிவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புகிற கதை. ஒழுகுவதற்குள் மொத்தத்தையும் கொட்டியாக வேண்டும். சொட்டுச் சொட்டாக ஊற்றினால் எவ்வளவு ஊற்றியும் பயனில்லை. 1963-இல் ஹெர்ட் என்பவர் முதலில் செய்து காட்டிய நைட்ரஜன் லேசர், அழுத்தம் குறைந்த குழாயில் ஓடியது. அங்கே அவகாசம் கொஞ்சம் அதிகம். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. பதிலுக்கு பம்ப் வேண்டாம், குழாய் வேண்டாம், ஒளியைத் திருப்பும் கண்ணாடிகூட வேண்டாம். ஒளிப்பெருக்கம் அவ்வளவு அதிகம் என்பதால் ஒரே ஓட்டத்தில் கதிர் வலுத்துவிடும்.

கோளாறுக்குப் போகும் முன் பாதுகாப்பு. 30 செ.மீ.க்கு 20 செ.மீ. தாள், நடுவில் 0.1 மி.மீ. பிளாஸ்டிக் என்றால் ஒரு பக்கத்துக்கு மின்னூட்டம் தேக்கும் கொள்ளளவு சுமார் 16 நானோஃபாரட் வரும். 8 கிலோவோல்ட் ஏற்றினால் அரை ஜூல். அடித்தால் கை உதறும். உதறிய கை வேறு எதில் போய் இடிக்கும் என்று சொல்ல முடியாது. உண்மையான ஆபத்து, அதற்கு மின்சாரம் தரும் பெட்டியில் இருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பு டிரான்ஸ்ஃபார்மரை யார் சொன்னாலும் தொடாதீர்கள். அது ஆளைக் கொல்லும். மிகக் குறைந்த மின்னோட்டம் மட்டுமே தரும் சின்ன அயனைசர் வகை மாட்யூல் போதும். அதற்கும் தகட்டுக்கும் (அலுமினியத் தாளைத்தான் தகடு என்கிறேன்) நடுவில் சில மெகா ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்தி, பிளாஸ்டிக் குச்சி முனையில் கட்டிய கம்பியால் தகடுகளைத் தரையோடு, அதாவது எர்த்தோடு, இணைத்து, வேலை முடியும்வரை அந்தக் கம்பியை அப்படியே விட்டுவையுங்கள். எடுத்துவிட்டால் பிளாஸ்டிக்கில் ஊறிய மின்னூட்டம் மறுபடி கொஞ்சம் தலைதூக்கும். கதிர் கண்ணுக்குத் தெரியாது, அதனால் இமை தானாக மூடாது. பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி 337 நானோமீட்டரை நன்றாகவே தடுக்கும். அதைப் போட்டுக்கொள்ளுங்கள், கதிர் வரும் வழியில் நேராகக் குனிந்து பார்க்காதீர்கள். அறையில் காற்றோட்டம் வேண்டும், ஓசோன் சேரும்.

சரி, இப்போது கோளாறு. முதலில் பெயர்கள்: கீழே ஒரு தகடு, அதன் மேல் பிளாஸ்டிக், அதற்கு மேல் இரண்டு மேல்தகடுகள். மேல்தகடுகளில் எதிரெதிராக வைத்த இரு பட்டைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிதான் கால்வாய். ஒரு மேல்தகட்டுக்கும் கீழ்த்தகட்டுக்கும் நடுவே பொறி தாவி ஸ்விட்ச் போல் வேலை செய்யும் இடைவெளி ஸ்பார்க் கேப்.

ஸ்பார்க் கேப் அடிக்காமலே நடுக் கால்வாயில் பொறி வருகிறதா? அப்படியானால் இரண்டு மேல்தகடுகளையும் இணைக்கும் காயிலை, அதாவது கம்பிச் சுருளை, பாருங்கள். மின்னூட்டம் மெல்ல ஏறும்போது இரு தகடுகளும் ஒரே வோல்டேஜில் இருக்க வேண்டும், அதற்குத்தான் அந்தக் காயில். அது விட்டுப்போயிருந்தால் ஒரு தகடு மட்டும் ஏறும், தாங்க முடியாத இடத்தில் சோம்பேறித்தனமாக ஒரு பொறி தாவும். இதில் லேசர் வர வழியே இல்லை. அலுமினியத் தாளில் கம்பியை ஒட்டுவது தொல்லை பிடித்த வேலை. நாடா போட்டு ஒட்டியது ஒரு பக்கம் மெல்லத் தூக்கிக்கொண்டு நிற்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது.

ஸ்பார்க் கேப் அடிக்கிறது, கால்வாயில் ஒன்றுமே இல்லை என்றால் இடைவெளிகளின் கணக்கு தவறு. காற்று ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3 கிலோவோல்ட் தாங்கும். ஸ்பார்க் கேப்பை ஒட்டி வைத்திருந்தால் வோல்டேஜ் ஏறுவதற்குள் அது அடித்துவிடும். கால்வாய் 1.5 மி.மீ. இருந்தால் ஸ்பார்க் கேப்பை அதைவிடச் சற்று அகலமாக வைத்துத் தொடங்குங்கள்.

பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது மூன்றாவது நிலையில். கால்வாயில் வெளிச்சம் இருக்கும், ஆனால் இரண்டு மூன்று இடத்தில் வெள்ளையாகக் கம்பி போல் பொறி நிற்கும். நமக்கு வேண்டியது வெளிறிய ஊதா நிறத்தில், முனையிலிருந்து முனைவரை சீராக ஒரு திரை. வெள்ளைப் பொறி நின்ற இடத்தில் மின்சாரம் எல்லாம் அந்த ஒரு புள்ளியில் போய்விட்டது, மற்ற இடம் பட்டினி. பட்டையின் விளிம்பை எமரித் தாளால் தேய்த்து, விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கே இடறுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பிசிறும் நகத்துக்குத் தெரியும். அப்புறம் இணைத்தன்மை. பொறி இடது ஓரத்தில் மட்டும் குவிந்தால் அந்த ஓரத்தின் இடைவெளியை ஒரு முடி அளவு அகலமாக்குங்கள். வலது ஓரத்துக்குத் தாவினால் அதில் பாதி திருப்பி வாருங்கள். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, தரையோடு இணைத்து, பிறகு நகர்த்த வேண்டும். அலுப்புத் தட்டும், வேறு வழி இல்லை. நடுவில் குவிந்தால் பட்டை வளைந்திருக்கிறது. அதைத் தட்டி நிமிர்த்துவதைவிட வேறு பட்டை எடுப்பது மேல்.

திரை சீராக வந்தும் லேசர் இல்லையா? ஸ்பார்க் கேப்பை எப்படி இணைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். படத்தில் அழகாக இருக்கட்டும் என்று கம்பி நீட்டித் தள்ளி வைத்திருந்தால் அதுதான் குற்றவாளி. 10 செ.மீ. கம்பிக்கு ஏறக்குறைய 100 நானோஹென்றி இன்டக்டன்ஸ் (மின்னோட்டம் சட்டென்று ஏறவிடாத தன்மை) உண்டு. 10 நானோஃபாரட்டோடு சேர்ந்தால் மின்னோட்டம் உச்சத்துக்குப் போகவே 50 நானோசெகண்ட் ஆகும். அதற்குள் மேல்நிலை பல முறை காலியாகியிருக்கும். ஸ்பார்க் கேப்பைத் தகட்டின் மீதே வையுங்கள்: மேல்தகட்டில் ஒரு குமிழ் போல்ட், கீழ்த்தகட்டிலிருந்து மடித்துக் கொண்டுவந்த அகலமான தாள், அவ்வளவுதான். வட்டக் கம்பி கூடவே கூடாது, அகலப் பட்டை மட்டும். பிளாஸ்டிக் தடிமனாக இருந்தாலும் இன்டக்டன்ஸ் ஏறும், கொள்ளளவும் குறையும். ஆனால் மெலிந்தால் பொத்துக்கொள்ளும். தாளின் மூலைகளை வளைவாக வெட்டி, சுற்றிலும் மூன்று நான்கு செ.மீ. பிளாஸ்டிக்கை வெறுமையாக விட்டால் ஓரத்தில் பொத்துவது நன்றாகக் குறையும்.

இன்னொன்று: லேசர் வந்துகொண்டே இருந்தும் உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். வெறும் சுவரில் பார்க்காதீர்கள். பிரிண்டர் காகிதம் வெளுப்பேற்றும் பொருளால் நீலமாக ஒளிரும். அதில் மஞ்சள் ஹைலைட்டரால் கிறுக்கினால் இன்னும் நல்லது. அறையை இருட்டாக்கி, பட்டைகளின் நேர்க்கோட்டில் காகிதத்தை நிறுத்துங்கள். சாதாரணப் பொறியின் புற ஊதாவும் காகிதத்தை ஒளிர வைக்கும், ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவி, தள்ளத் தள்ள மங்கிவிடும். லேசர் என்றால் ஒரு மீட்டர் தள்ளியும் புள்ளியாகவோ சிறு கோடாகவோ நிற்கும். பக்கவாட்டில் காகிதத்தைக் கொண்டுபோனால் அந்தப் புள்ளி இருக்காது. இரண்டு முனையிலும் பாருங்கள், ஒரு முனையில் வலுவாகவும் மறுமுனையில் சோப்ளாங்கியாகவும் வருவது சகஜம். மங்கிய முனையில், முன்பக்கம் பூச்சுள்ள அலுமினியக் கண்ணாடி ஒன்றை நேராக நிறுத்தி, எதிர் முனையில் புள்ளி பிரகாசமாகிறதா என்று பாருங்கள். ஆகிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

மல்டிமீட்டரை மட்டும் எங்கேயும் வைத்துப் பார்த்துவிடாதீர்கள், உடனே போய்விடும். பக்கத்து மேசையில் இருக்கும் கணினிகூட ஒவ்வொரு பொறிக்கும் திணறும், தள்ளி வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஈரக் காற்றுள்ள நாளில் புள்ளி மங்கினால் பட்டைகளை மறுபடி தேய்க்க ஆரம்பிக்க வேண்டாம். பிளாஸ்டிக்கைத் துடைத்துக் காயவைத்து ஓட்டிப் பாருங்கள்.