வீட்டு வைஃபையில் கோப்புகளைப் பகிர்வது ஆபத்தா?

வீட்டிலுள்ள இரண்டு மூன்று கணினிகளுக்குள் வைஃபை வழியாகக் கோப்புகளைப் பகிரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பகிரலாம், ரவுட்டரைச் சரியாகப் பூட்டிய பிறகு.

ரவுட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறக்கும் இது வேறு. பலர் இதை மறந்தேவிடுகிறார்கள். வைஃபை குறியாக்கத்துக்கு டபிள்யூபிஏ3 (WPA3) முறையைத் தேர்ந்தெடுங்கள், பழைய கருவிகள் இருந்தால் டபிள்யூபிஏ2. வைஃபை பாஸ்வேர்டை அடிக்காமலே கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியை அணைத்துவிடுங்கள். அதன் ரகசிய எண்ணில் (PIN) 8 இலக்கங்கள் இருந்தாலும், இரண்டு பாதியாகச் சரிபார்க்கப்படுவதால் அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் பிடிபட்டுவிடும்.

அப்புறம் பகிர்வு. முழு டிரைவையும் திறந்துவிடாமல் ஒரு ஃபோல்டரை மட்டும், பாஸ்வேர்டு உள்ள பயனர் கணக்குக்குக் கொடுங்கள். விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையான எஸ்எம்பி1 (SMB1) வேண்டவே வேண்டாம். 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாகிரை (WannaCry) பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். ரவுட்டரில் கோப்புப் பகிர்வுக்கான 445ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறக்காதீர்கள். வீட்டுக்கு வருபவர்களுக்கு கெஸ்ட் நெட்வொர்க் போதும்.