யன்னல் வெளிச்சத்தில் நாய், பூனைப் படங்கள்: கேள்வியும் பதிலும்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு முன் அறையில் ஒரு யன்னல், ஒரு வாங்கு, ஒரு வெள்ளை வேட்டி. வளர்ப்புப் பிராணிகளை இவ்வளவையும் வைத்துத்தான் படம் எடுக்கிறேன். இதே மாதிரி வீட்டில் எடுக்க ஆசைப்பட்டுப் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

வடக்கு யன்னல்தான் நல்லது என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். எங்களுக்குக் கிழக்கிலும் மேற்கிலும்தான் யன்னல். என்ன செய்ய, அண்ணன்? (செங்கலடி)

தம்பி, அது ஐரோப்பியருக்குச் சரியான பேச்சு. அங்கே மத்தியானச் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கில் நிற்கும், அதனால் வடக்கு யன்னலில் நேர் வெயில் விழுவது அரிது. மட்டக்களப்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 7.7 பாகையில்தான் இருக்கிறது. ஏப்ரல் 10ஐ ஒட்டிச் சூரியன் நம் உச்சிக்கு வந்து, வடக்கே போய், செப்டம்பர் முதல் கிழமையில் திரும்பி உச்சியைக் கடக்கிறது. இடையில் உள்ள மாதங்களில் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம். ஜூன் கடைசியில் உச்சியில் இருந்து ஏறக்குறைய 16 பாகை சாய்ந்திருக்கும். தாழ்வாரம் இறக்காத வடக்கு யன்னல் என்றால், கச்சான் காற்று வீசுகிற அந்த நாட்களில் வெயில் உள்ளே விழும். மார்கழியில் தெற்கு யன்னலுக்கு அதே கதை.

ஆகவே திசையை விடுங்கள், நேரத்தைப் பிடியுங்கள். கிழக்கு யன்னலைப் பின்னேரத்திலும் மேற்கு யன்னலைக் காலையிலும் பாவியுங்கள். சூரியன் வீட்டுக்கு மற்றப் பக்கம் நிற்கும்போது வானத்தின் வெளிச்சம் மட்டும் உள்ளே வரும். எங்கள் யன்னல் கிழக்கே, கடல் பக்கம். காலை 7 மணிக்கு யன்னல் கம்பியின் நிழல் நாயின் முகத்தில் கோடு கோடாகக் கிடக்கும். பின்னேரம் இரண்டரைக்கு அதே இடத்தில் மூக்கின் ஈரம் கூடத் தெளிவாகத் தெரியும். ஒரு நாள் வெள்ளைக் கோப்பை ஒன்றை யன்னலோரம் வைத்து மணிக்கொரு படம் எடுத்துப் பாருங்கள். உங்கள் யன்னலின் நல்ல நேரம் அதில் தெரிந்துவிடும்.

வெயில் விழுகிற நேரத்தில்தான் எடுக்க வேண்டுமென்றால், வேட்டியை ஒற்றையாக யன்னலுக்குக் குறுக்கே கட்டுங்கள். கரை படத்தில் விழாமல் மேலே மடியுங்கள்.

மாரி காலத்தில் வெளிச்சம் காணாதே? (வாழைச்சேனை)

மாரி மேகம் வானம் முழுக்கக் கட்டின வேட்டி மாதிரி. எனக்கு மிகவும் பிடித்த வெளிச்சம் அதுதான். கமராவில் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணர்கிற அளவை, 1600க்கு ஏற்றுங்கள், ஷட்டர் வேகம் 1/250 செக்கனுக்குக் கீழே இறங்க வேண்டாம். படத்தில் கொஞ்சம் பொரிப் பொரியாக வந்தால் பரவாயில்லை. ஆட்டத்தில் மங்கின கண்ணைப் பிறகு திருத்த முடியாது.

எங்கட பூனைக்கு நல்ல உருண்டைக் கண். படத்தில் மட்டும் கோடு மாதிரி வருகுது. (காத்தான்குடி)

வெளிச்சம் கூடக் கூடப் பூனையின் கண்மணி ஒடுங்கும். நீங்கள் யன்னல் விளிம்பிலேயே இருத்தியிருப்பீர்கள். இரண்டு மீற்றர் உள்ளே கொண்டுவந்து ஒன்றிரண்டு நிமிடம் விடுங்கள், கண்மணி விரியும். முகம் யன்னல் பக்கம் திரும்பியே இருக்க வேண்டும், தங்கச்சி. அப்போதுதான் யன்னல் வெளிச்சம் கண்ணில் வெள்ளைப் பொட்டாக விழும். அது இல்லாத கண் உயிரில்லாமல் கிடக்கும்.

ஃபிளாஷ் போட்டால் என்ன? (அக்கரைப்பற்று)

வேண்டாம். கண்ணுக்குள்ளே பின்பக்கம் உள்ள படலம் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துப் பச்சையாக மின்னும், பிராணியும் மிரளும். அறையின் பல்பு, டியூப் லைற்றையும் அணைத்துவிடுங்கள், இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் ரோமத்தின் நிறம் கெடும்.

கறுத்த நாய். எப்படி எடுத்தாலும் சாம்பல் நிறம், இல்லாவிட்டால் வெறும் கரி. (கல்முனை)

இங்கே இரண்டு வேலை. முதலாவது போனின் வேலை. படம் முழுக்கக் கறுப்பாக இருக்கக் கண்டு, இருட்டு என்று நினைத்து அது வெளிச்சத்தைக் கூட்டுகிறது, அதுதான் சாம்பல். திரையில் நாயின் கண்ணில் விரலை அழுத்திப் பிடித்து, பிறகு மெதுவாகக் கீழே இழுங்கள். வெள்ளைப் பூனைக்கு இதன் மறுபக்கம், கொஞ்சம் மேலே.

இரண்டாவது நாயை நிறுத்துகிற விதம். கறுப்பு ரோமம் அதன் மினுக்கத்தில்தான் தெரியும். உடம்பை யன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்தால் வெளிச்சம் முதுகில் வழுக்கிப் போகும், ஒவ்வொரு மயிரும் தனியே தெரியும். மற்றப் பக்கம் இருட்டினால், டிவி பெட்டிக்குள் வருகிற வெள்ளை ரெஜிபோம் பலகையை அங்கே சாய்த்து வையுங்கள். எடுக்க முன் தூசி தட்டிச் சீவிவிடுங்கள். நம் மணல் கறுத்த ரோமத்தில் ஒளிக்காது.

பின்னால் என்ன துணி போடலாம்? (மருதமுனை)

உங்கள் ஊர்க் கைத்தறியை விட நல்லது எது? கோடு, கட்டம் இல்லாத ஒற்றை நிறமாக எடுங்கள். துணிக்கு ஒரு மீற்றர் முன்னால் பிராணி இருந்தால் சுருக்கம் தெரியாது.

நிலம் சிவப்புச் சீமெந்து. நாயின் வயிறு சிவக்கிறது. (திருக்கோவில்)

பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பை விரியுங்கள். பச்சைச் சுவர் என்றால் அதற்கும் அதுதான்.

ஒரு இடத்தில் நிற்கவே மாட்டான், அண்ணன். (ஏறாவூர்)

முதலில் நிலத்தைப் பாருங்கள். ஆரம்பத்தில் நான் வெறும் டைல்ஸில் ஒரு நாயை நிறுத்தினேன். பின்னங்கால் இரண்டும் விரிந்து வழுக்கிவிட்டது. அடி படவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவன் அந்த அறை வாசலைத் தாண்டவே இல்லை. அன்றில் இருந்து சாக்கு விரிக்காமல் எடுப்பதில்லை. வந்தவுடன் கமராவைக் காட்ட வேண்டாம். பத்து நிமிடம் முகர்ந்து திரியட்டும். மூச்சிரைக்க நாக்கைத் தொங்கப் போட்டால் வெக்கை, தண்ணீர் வைத்து நிறுத்திவிடுங்கள்.

எங்கள் நாய்க்கு 14 வயது. கண் இரண்டும் நீலம் பாய்ந்துவிட்டது. அது தெரியாமல் ஒரு படம் வேண்டும். (பாண்டிருப்பு)

கமராவைப் பார்க்க வைக்காதீர்கள், அக்கா. யன்னலுக்கு வெளியே பார்க்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து எடுங்கள். கண்ணின் உட்பக்கம் தெரியாது. நரைத்த தாடையும் மீசை மயிரும் வெளிச்சத்தில் நிற்கும். பார்வை மங்கினாலும் சத்தம் கேட்கிற நாய் என்றால், வீட்டில் ஒருவர் வெளியே நின்று மெதுவாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிடட்டும், காது நிமிரும். அவன் வழமையாகப் படுக்கிற சாக்கையே விரியுங்கள், கழுவாமல்.

பிறகு நேராகவும் ஒன்று எடுத்து வையுங்கள், அந்த நீலக் கண்ணோடு.