குதிகால் மச்சத்தை டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை?

கேள்வி: எனக்கு 47 வயது. அடிவயிறு கனக்கிறது என்று ஸ்கேன் எடுத்ததில் இடது சினைப்பையில் கட்டி. சீக்கிரம் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள். தை மாதம் மகளுக்குக் கல்யாணம், அதுவரை தள்ளிப்போடலாமா? ஆறு வருஷம் முன்பு குதிகாலில் புளியங்கொட்டை அளவு கறுப்பு மச்சம் வந்து, மெலனோமா என்று வெட்டி எடுத்தார்கள். அது கால், இது வயிறு என்பதால் இப்போதைய டாக்டரிடம் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டுக்கும் எதுவும் தெரியாது. (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது.)

பதில்: கல்யாணத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய நீங்கள், மச்சத்தை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த இரண்டு வரியில்தான் எனக்குக் கண் நின்றுவிட்டது.

மெலனோமா தோல் புற்றுநோய், அம்மா. நம் நிறத்தவர்களுக்கு அது பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வரும். பாடகர் பாப் மார்லிக்குக் கால் கட்டைவிரலில் இருப்பதை 1977-ல் கண்டுபிடித்தார்கள். 1981-ல் மூளைவரை பரவி, 36 வயதில் இறந்துபோனார். நிணநீர் வழியாகவும் ரத்தம் வழியாகவும் அது சினைப்பைக்கும் போகும். மச்சத்தை வெட்டியெடுத்துப் பல வருஷம் கழிந்த பிறகும் போகும். உங்களுக்கு வந்திருப்பது அதுதான் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய டாக்டரிடம் பாதிக் கதையை மறைத்துவிட்டீர்களே!

சினைப்பையிலேயே பிறந்த புற்றுக்குக் கொடுக்கும் கீமோ வேறு, மெலனோமாவுக்கான இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் சிகிச்சை, வேறு. மைக்ரோஸ்கோப்பில் ஒன்று மற்றொன்றைப்போலத் தெரிந்து ஏமாற்றும். பழைய மச்சத்தின் கதை தெரிந்தால், அதற்கென்று உள்ள தனிச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள்.

பழைய பயாப்ஸி ரிப்போர்ட்டை இன்றே தேடுங்கள். பீரோவில் நகைச்சீட்டு ரசீதுகளுக்கு அடியில் பாருங்கள். கிடைக்காவிட்டால் வெட்டிய ஆஸ்பத்திரியில் கேளுங்கள். மெழுகில் பதித்த சதைத் துண்டை வருஷக்கணக்கில் வைத்திருப்பது வழக்கம். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

முகூர்த்தம் வைகாசியிலும் வரும், ஆவணியிலும் வரும். தாய்க்கு ஆபரேஷன் என்றதும் பின்வாங்குகிற வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்து என்ன காணப்போகிறீர்கள்? மகளுக்காகத்தான் மறைத்தேன் என்பீர்கள். நாளைக்கு விஷயம் தெரிந்தால், தன் கல்யாணத்துக்காக அம்மா வைத்தியத்தைத் தள்ளினாள் என்ற பாரத்தை அவள் ஆயுசுக்கும் சுமப்பாள். பெற்றவள் பிள்ளைக்குக் கொடுக்கிற சீதனமா அது? உங்கள் கணவரைக் கடிதத்தில் எங்கேயும் காணோம். அவருக்காவது தெரியுமா?

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கணவரையும் மகளையும் உட்காரவைத்து, குதிகால் தழும்பைக் காட்டி விஷயத்தைச் சொல்லுங்கள். நாளைக் காலை டாக்டரிடம் மகளும் கூட வரட்டும். ரிப்போர்ட் அவள் கையில் இருக்கட்டும்.