உத்திரமேரூர் குடவோலை: கேட்டதும் சொன்னதும்

(முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் பற்றி வந்த கேள்விகள். தகுதி உள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, குலுக்கி எடுத்து ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் தேர்ந்தெடுத்த முறைதான் குடவோலை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரும் அவர் உறவினர் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று.)

கேள்வி: ஐயா, கணக்குக் காட்டாதவரைத் தள்ளிவைத்தது சரி. அவர் சொந்தக்காரர்களையும் ஏன் தள்ளினார்கள்? அநியாயம் இல்லையா?

தனி மனிதக் கணக்கில் அநியாயம்தான். ஆனால் அந்தப் பட்டியலைப் பாருங்கள்: சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், மாமனார், மனைவியின் உடன்பிறந்தவன், சகோதரியின் கணவன், மருமகன், தகப்பன், மகன். தன் ஊரை நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதியது. தான் விலகி மச்சானை உட்காரவைத்தால் பதவி வீட்டைவிட்டுப் போகாது என்று அவர்களுக்குத் தெரியும். இன்று தேர்தல் செலவுக் கணக்குக் கொடுக்காத சட்டமன்ற வேட்பாளருக்கு 3 ஆண்டு தடை வரலாம். மச்சான் தாராளமாக நிற்கலாம். உறவுதான் நம் பலம் என்று மேடையில் பேசுகிறோம், விதி எழுதும்போது மறந்துவிடுகிறோம்.

கேள்வி: குலுக்கலில் தில்லுமுல்லு நடக்காதா?

நடக்கும் என்று நினைத்துத்தான் இவ்வளவு ஏற்பாடு. ஊரின் 30 குடும்புகளுக்கும் (வார்டு போன்ற பகுதிகள்) தனித்தனி ஓலைக்கட்டு. சிறியவர் பெரியவர் என்று சபை முழுதும் கூட வேண்டும். ஒரு முதியவர் குடத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டுவார். விவரம் அறியாத சிறுவன் ஓலை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் படித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் (கோயில் பூசாரிகள்) எல்லாரும் படிக்க வேண்டும். அந்த ஐந்து விரல் எனக்கு மிகவும் பிடிக்கும். நடுநிலையாளரையும் நம்பவில்லை பாருங்கள்!

கேள்வி: நல்லவரைத் தேர்ந்தெடுத்தால் போதாதா சார்?

அறம், பொருள், இன்பம், உயிரச்சம் நான்கிலும் சோதித்த பிறகே ஒருவரை நம்பச் சொல்கிறது குறள். உத்திரமேரூர் இன்னும் ஒரு படி மேலே போகிறது: தேறியவருக்கும் ஓராண்டுதான், அப்புறம் 3 ஆண்டு விலகியிருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் உலகின் முதல் ஜனநாயகம் நம்முடையதா?

இல்லை. அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம், அதாவது அவர்களுக்குத் தானமாகத் தந்த ஊர். வரி கட்டும் கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35 முதல் 70 வயது. இவை இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். நிலத்தை உழுதவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. விதி வகுத்தபோது அரசனின் அதிகாரியும் கூடவே இருந்தார். ஊழலுக்கு அஞ்சிய அதே பண்பாடுதான் பெரும்பாலோரை வெளியே நிறுத்தியது. பெருமை பேசுவோர் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: கல்வெட்டை எங்கே பார்க்கலாம்?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில்.