பம்பரில் ரேடார் மாட்டினால் பிரேக் யார் போடுவது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் குரூஸ் கண்ட்ரோல். சுருக்கமாக ஏசிசி. பழைய வண்டியில் அதை மாட்ட முடியுமா என்பதுதான் எல்லாருக்கும் தெரிய வேண்டியிருக்கிறது.

கே: என்னுடையது 2019 மாடல் ஆட்டோமேட்டிக் எஸ்யூவி. சாதாரண குரூஸ் மட்டும் இருக்கிறது. மாதம் இரண்டு முறை கரூரிலிருந்து சென்னை போய் வருகிறேன். ஆக்சசரீஸ் கடைக்காரர் ஒருவர் ரேடார் கிட் வரவழைத்து ஏசிசி மாட்டித் தருகிறேன், நாற்பதாயிரம் ஆகும் என்கிறார். மாட்டலாமா சார்? (வாசகர், கரூர்)

வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், அப்புறம் முடிவு உங்களுடையது.

அந்தக் கடைக்காரரிடம் திரும்பப் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பிரேக் எப்படிப் பிடிக்கும்?" ரேடார் எவ்வளவு தூரம் பார்க்கும், டிஸ்ப்ளே கலரா என்றெல்லாம் கேட்க வேண்டாம், அதற்கெல்லாம் அவரிடம் பதில் இருக்கும். ஏசிசியில் ரேடார்தான் சுலபமான பகுதி. கிரில்லுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி, நான்கைந்து வயர், அவ்வளவுதான். அது "முன்னால் வண்டி இருக்கிறது, இத்தனை மீட்டர், இத்தனை வேகத்தில் நெருங்குகிறது" என்று சொல்லும். அதைக் கேட்டு நடக்க வண்டிக்குள் ஆள் வேண்டுமே!

ஆள் என்றால் யார் யார்? எஞ்சின் கம்ப்யூட்டர் "வேகத்தைக் குறை" என்ற கட்டளையை வெளியிலிருந்து வாங்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கும் அதே கதை. எல்லாவற்றையும் விட முக்கியம் பிரேக். வெறும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) மட்டும் உள்ள வண்டியில் அந்த யூனிட்டுக்கு நீங்கள் காலால் கொடுத்த அழுத்தத்தை விட்டுவிட்டுப் பிடிக்கத்தான் தெரியும், தானாக அழுத்தத்தை உண்டாக்கத் தெரியாது. இஎஸ்சி (வண்டி வழுக்கித் திரும்பாமல் நிலைநிறுத்துவது) உள்ள வண்டியின் பம்ப்பால் நீங்கள் பெடலைத் தொடாமலே சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தம் கொடுக்க முடியும். ஆனால் அதுவும் வழுக்கும்போது ஒரு நொடி இரண்டு நொடி பிடிக்கவென்று எழுதப்பட்ட புரோகிராம். உளுந்தூர்பேட்டையிலிருந்து விக்கிரவாண்டி வரை லாரிக்குப் பின்னால் பிடித்துப் பிடித்து விட வேண்டும் என்றால் அதற்கென்று எழுதப்பட்ட சாஃப்ட்வேர் அந்த யூனிட்டிலேயே இருந்தாக வேண்டும், பிரேக் பிடிக்கும்போது பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும், ஏதாவது கோளாறு என்றால் மொத்தத்தையும் அணைத்துவிட்டு உங்களுக்குச் சத்தம் கொடுக்க வேண்டும். இவ்வளவையும் கார் கம்பெனியும் பிரேக் யூனிட் செய்யும் கம்பெனியும் சேர்ந்து உட்கார்ந்து செய்திருப்பார்கள். கடையில் வரும் கிட் இதில் எதையும் செய்யாது. ஆக்ஸிலரேட்டர் பெடல் வயரில் குறுக்கே ஒரு பெட்டியை வைத்து, முன்னால் வண்டி தெரிந்தால் த்ராட்டிலைத் தளர்த்தும், அவ்வளவுதான்.

சொல்லப்போனால் இது முப்பது வருடப் பழைய சரக்கு. 1995-ல் ஜப்பானில் மிட்சுபிஷி டயமண்டே காரில் லேசர் வைத்து இப்படி ஒன்று வந்தது. த்ராட்டிலைக் குறைக்கும், கியரை இறக்கும், பிரேக்கைத் தொடாது. 1999-ல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் ரேடாரோடு வந்த டிஸ்ட்ரானிக்தான் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தது. நாற்பதாயிரம் கொடுத்து 1995-க்குப் போக வேண்டுமா என்று யோசியுங்கள்.

இன்னொன்று, ரேடார் கோணம். அது ஒரு டிகிரி பக்கவாட்டில் திரும்பியிருந்தால் 100 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 1.75 மீட்டர் தள்ளிப் பார்க்கும். நம் நெடுஞ்சாலையில் ஒரு லேன் 3.5 மீட்டர், அதாவது சரியாகப் பாதி லேன். உங்களுக்கு முன்னால் இருப்பவரை விட்டுவிட்டுப் பக்கத்து லேன் பஸ்ஸைப் பார்த்து வண்டி பம்மும். கண்ணால் பார்த்து, ஸ்க்ரூவை முறுக்கிச் சரிசெய்கிற வேலை இல்லை இது, சமதளமான தரையும் அதற்கான டார்கெட் பலகையும் கம்ப்யூட்டரும் வேண்டும்.

கே: என் காரின் டாப் மாடலில் ஏசிசி உண்டு, நான் வாங்கியது அதற்கு இரண்டு படி கீழே. அதே கம்பெனி, அதே எஞ்சின், அதே பாடி. பாகங்களை மட்டும் வாங்கி மாட்டினால் வேலை செய்யாதா அண்ணா? (வாசகி, திருப்பூர்)

இது நியாயமான கேள்வி. பாதி வழி வரை முடியும். ஆனால் பாகங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் எங்கே இடிக்கிறது என்று. ரேடாரும் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவும் பணம் கொடுத்தால் கிடைக்கும். கேமரா வைக்க இடம் உள்ள முன் கண்ணாடி வேறு பார்ட் நம்பர். ஸ்டீயரிங் பட்டன் வேறு. முன்பக்க வயரிங் வேறு, அதை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரலாம். பிரேக் யூனிட் பார்க்க ஒன்றுபோல இருக்கும், பார்ட் நம்பரின் கடைசி எழுத்து மட்டும் வேறாக இருக்கும், அந்த ஒரு எழுத்தில்தான் விஷயமே இருக்கிறது. இதெல்லாம் சேர்ந்த பிறகும் கம்பெனி சர்வர் அனுமதிக்காமல் புதிய யூனிட்கள் ஒன்றோடொன்று பேசாது. ஷோரூமில் இதைச் செய்து தர மாட்டார்கள். மொத்தச் செலவைக் கூட்டிப் பாருங்கள், வண்டியை விற்றுவிட்டு டாப் மாடலையே பழைய வண்டியாக வாங்குவது மலிவாக முடியும்.

வாங்கும்போது "அடாஸ்" (ஓட்டுநருக்கு உதவும் வசதிகளின் பொதுப்பெயர்) என்ற வார்த்தையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். 2023-ல் ஹூண்டாய் வென்யூவுக்கு அடாஸ் வந்தபோது அதில் லேன் உதவி, மோதல் எச்சரிக்கை எல்லாம் இருந்தது, ஏசிசி இல்லை. மாறாக ஹோண்டா சிட்டியில் ரேடாரே கிடையாது, ஒரே ஒரு கேமராவை வைத்து ஏசிசி செய்கிறார்கள், 2023 மாடலில் மேனுவல் கியருக்கும் கொடுத்தார்கள். வசதிப் பட்டியலில் "அடாப்டிவ்" என்ற சொல் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

கே: சட்டப்படி பிரச்சினை வருமா? (வாசகர், நாகர்கோவில்)

வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. 182ஏ(4) பிரிவில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஸ்டீரியோ மாற்றியதற்கு யாரும் கேட்க மாட்டார்கள், ஆனால் பிரேக்கைத் தொட்டிருக்கிறீர்கள் என்று விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் எழுதினால் அப்போது வாதாட உங்களிடம் ஒரு காகிதமும் இருக்காது.

கே: நான் இருப்பது ஜெர்மனி, டோர்ட்மண்ட். 2015 ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 7, டிஎஸ்ஜி (ஆட்டோமேட்டிக்) கியர். இங்கே பலர் ஏசிசி பூட்டுகிறார்கள். நம்பிச் செய்யலாமா? (வாசகர், டோர்ட்மண்ட்)

உங்களுக்கு மட்டும் பதில் வேறு. காரணம் வண்டி. கோல்ஃப் 7 முதலிலிருந்தே ஏசிசியை விருப்பத் தேர்வாக வைத்து வடிவமைக்கப்பட்டது, லட்சக்கணக்கில் அப்படியே விற்கவும் பட்டது. அதனால் தேவையான எல்லாப் பாகமும் கம்பெனிப் பாகமாகவே கிடைக்கிறது, எஞ்சினும் கியரும் பிரேக்கும் ஏற்கெனவே அந்த மொழி பேசுகின்றன. நான் கரூர்க்காரருக்குச் சொன்ன "ஆள் இல்லை" என்ற பிரச்சினை உங்களுக்குப் பெரும்பாலும் இல்லை.

முதலில் உங்கள் வண்டியில் ஃப்ரண்ட் அசிஸ்ட் (முன்னால் மோதப் போனால் எச்சரித்துப் பிரேக் போடும் வசதி) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கீழ் பம்பர் நடுவில் ரேடார் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும், பாதி வேலை முடிந்தது, பட்டனும், கம்ப்யூட்டரில் அந்த வசதியைத் திறந்துவிடும் கோடிங்கும்தான் மிச்சம். இல்லையென்றால் ரேடார், அதன் பிடிப்பு, ரேடாருக்கு இடம் விட்ட கீழ் கிரில், கேட்வே (வண்டியின் கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டி) வரை போகும் வயரிங், ஏசிசி பட்டன் உள்ள ஸ்டீயரிங் எல்லாம் வேண்டும். 2017 முகமாற்றத்துக்குப் பிறகு ரேடார் முன் சின்னத்துக்குப் பின்னால் போய்விட்டது, அந்தப் பாகங்களைத் தவறி வாங்கிவிடாதீர்கள். எதையும் வாங்கும் முன் உங்கள் ஏபிஎஸ் யூனிட்டின் பார்ட் நம்பரையும் சாஃப்ட்வேர் நம்பரையும் ஸ்கேன் செய்து, அது ஏசிசியை ஏற்குமா என்று செய்கிறவரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஏற்காவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். டிஎஸ்ஜி என்பதால் வண்டி நிற்கும் வரை பிடிக்கும், மேனுவலில் மணிக்கு 30 கிலோமீட்டருக்குக் கீழே கை விட்டுவிடும்.

கடைசியில் கேலிப்ரேஷன், அதாவது ரேடார் கோணத்தை அளந்து சரிசெய்வது. அதன் ரிப்போர்ட்டைக் காகிதமாகக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். டியுவ் (ஜெர்மனியில் வண்டிகளைப் பரிசோதிக்கும் அமைப்பு) பரிசோதகரிடமும் இன்சூரன்ஸ்காரரிடமும் வேலைக்கு முன்பே கேட்டுவிடுங்கள், பின்னால் அல்ல.

கே: ஓப்பன்பைலட் என்று ஒரு பெட்டியைக் கண்ணாடியில் ஒட்டினால் எந்தக் காரும் தானே ஓடும் என்கிறான் என் மகன். உண்மையா? (வாசகர், ஓசூர்)

எந்தக் காரும் இல்லை. அமெரிக்காவின் காமா கம்பெனி செய்வது அது. பெரும்பாலும் ஏற்கெனவே ஏசிசியும் லேன் உதவியும் உள்ள காரில் அந்த வயரிங்குக்குள் புகுந்து இன்னும் நன்றாக ஓட்ட வைக்கும். இல்லாத பிரேக்கை அது உண்டாக்காது. 2016-ல் அவர்கள் முதலில் அறிவித்த பெட்டியைப் பற்றி அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதியதும் அந்தப் பெட்டியையே கைவிட்டார்கள். மகனிடம் இதையும் சொல்லுங்கள்.

கே: பம்பரில் அடிபட்டு டிங்கரிங், பெயிண்ட் செய்தேன். அதிலிருந்து என் காரின் ஏசிசி காலி ரோட்டில் திடீரென்று பிரேக் போடுகிறது. (வாசகர், மதுரை)

ரேடார் கோணம் மாறியிருக்கும், அல்லது ரேடாருக்கு நேராகப் பட்டியும் மெட்டாலிக் பெயிண்டும் தடித்துப் போயிருக்கும். 77 கிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளமே நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு, அதற்கு அந்தத் தடிப்பு பெரிய விஷயம். கேலிப்ரேட் செய்யும் வரை ஏசிசியை அணைத்தே வையுங்கள். முன்னால் இரும்பு கார்டு மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள், அது எப்படியும் தடை செய்யப்பட்டதுதான்.

கே: அப்படியானால் பழைய வண்டிக்காரர்களுக்கு வழியே இல்லையா? (வாசகர், தஞ்சாவூர்)

இருக்கிறது. உங்கள் வண்டியில் எலெக்ட்ரானிக் த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டரிலிருந்து கேபிளுக்குப் பதில் வயர் போவது) இருந்து, மேல் மாடலில் சாதாரண குரூஸ் இருந்தால், பல வண்டிகளில் ஸ்டீயரிங் பட்டனும் கொஞ்சம் வயரிங்கும் மாற்றினாலே குரூஸ் வந்துவிடும். அதோடு மோதல் எச்சரிக்கை மட்டும் தரும் கேமரா ஒன்று மாட்டலாம், அது பிரேக்கைத் தொடாது, கத்த மட்டும் செய்யும். நாற்பது சதவீத வேலைதான், ஆனால் பொய் சொல்லாத வேலை.

கே: என் கணவர் ஏசிசி உள்ள புது வண்டியில் பைபாஸ் ஏறியதும் அதைப் போட்டுவிட்டு வலது காலை மடக்கி சீட்டில் வைத்துக்கொள்கிறார். கேட்டால் "அதுதான் பார்த்துக்கும்ல" என்கிறார். நீங்களாவது சொல்லுங்கள். (வாசகி, சேலம்)

சொல்கிறேன். அம்மா, அது எல்லாவற்றையும் பார்க்காது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைத்தான் அது நன்றாகப் பிடிக்கும். நின்றுகொண்டிருப்பதைப் பாலம், போர்டு, தடுப்புக் கம்பி என்று நினைத்துக் கழித்துவிடும் பழக்கம் பல வண்டிகளில் உண்டு. நம் ஊரில் இரவில் பார்க்கிங் லைட்கூட இல்லாமல் கல்லை அண்டக்கொடுத்து நிற்கும் லாரி அந்தக் கணக்கில்தான் வரும். போன வருடம் தொப்பூர் இறக்கத்தில் ஒரு நண்பரின் வண்டியை ஓட்டிப் பார்த்தேன். வளைவில் முன்னால் போன லாரி ரேடாரின் பார்வையிலிருந்து விலகியதும், ரோடு காலி என்று நினைத்து வண்டி வேகமெடுத்தது. கால் பெடல் மேலேயே இருந்ததால் பிழைத்தேன்.

அதோடு ஏசிசி பிடிக்கும் பிரேக் மென்மையானது, நீங்கள் ஓங்கி மிதித்தால் கிடைக்கும் வேகக் குறைப்பில் பாதிகூட வராது. மணிக்கு 100-ல் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறது வண்டி. மடக்கிய காலை இறக்கிப் பெடலைத் தேடுவதற்குள் இரண்டு மூன்று லாரி நீளம் தாண்டியிருக்கும். இதை அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், அவர் ஓட்டாத நேரமாகப் பார்த்து.