பின்பக்கம் குழிந்த வெள்ளிக் காசை வாங்கலாமா?

கேள்வி: பெர்லினில் வசிக்கிறேன். ஒரு நாணய வணிகரின் இணையக் கடையில் வெள்ளிக் காசு ஒன்று பார்த்தேன். ‘மாக்டெபுர்க் பேராயர் விக்மான், 12ஆம் நூற்றாண்டு’ என்று போட்டிருக்கிறது. காகிதம் போல மெல்லிசு. முன்பக்கப் படம்தான் பின்பக்கம் பள்ளமாகத் தெரிகிறது. ஓரத்தில் விரிசல் வேறு. போலியாக இருக்குமோ?

பதில்: பின்பக்கத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அதன் பிறவியே அப்படித்தான். மெல்லிய வெள்ளித் தகட்டை மெத்தென்ற பரப்பில் வைத்து, ஒரே அச்சால் ஒரு பக்கம் மட்டும் அடித்த காசு இது. முன்னே புடைப்பது பின்னே குழியும். எடை பெரும்பாலும் ஒரு கிராமைத் தொடாது. சேகரிப்பாளர்கள் இதை பிராக்டியேட் என்பார்கள். அது பிற்கால அறிஞர்கள் வைத்த பெயர். அன்றைய மக்களுக்கு இது வெறும் ஃபெனிக், அதாவது சாதாரண வெள்ளிக் காசு.

விக்மான் 1152 முதல் 1192 வரை பேராயர். அன்றைய ஜெர்மனியில் ஆயர்கள் மட்டுமல்ல, குவெட்லின்புர்க் மடத்தின் தலைவிகளும் காசு அடித்தார்கள். அந்தக் காசுகளைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. விக்மான் ஆண்டுக்கு இருமுறை பழைய காசைச் செல்லாததாக்கிப் புதியது வெளியிட்டார். பழையது 12 கொடுத்தால் புதியது 9தான் கிடைக்கும், மிச்சம் அவருடைய வருமானம். ஆறு மாதம் புழங்கும் காசுக்கு இந்தத் தடிமன் போதும்.

சரி, போலி இல்லையா என்றால், நிறையவே உண்டு. 18ஆம் நூற்றாண்டிலேயே ஹனோவரில் நிக்கோலாஸ் சீலேண்டர் என்பவர் பிராக்டியேட்டுகளைப் போலியாகச் செய்தார். அதனால் எடையைக் கிராமில் இரண்டு தசமம் வரை கேளுங்கள். விட்டம், இரு பக்கப் படம், எந்த நாணயப் பட்டியல் நூலில் எந்த எண் என்பதையும் கேளுங்கள். பிறகு பழைய ஏலப் படங்களில் அதே வகைக் காசைத் தேடிப் பாருங்கள். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளின் படம் ஒத்திருக்கலாம், ஆனால் விரிசலும் நெளிவும் ஒத்திருக்காது. இன்னொன்றில் அதே இடத்தில் அதே விரிசல் இருந்தால், வார்த்தெடுத்த நகல் என்று விட்டுவிடுங்கள்.

விரிசல் மட்டும் இருந்தால் பாதகமில்லை, விலையைக் குறைத்துக் கேட்கலாம். பின்னால் ஒட்டுப் போட்டிருக்கிறார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வணிகரிடம் இணையத்தில் வாங்குவதால் பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் திருப்பும் உரிமை உங்களுக்கு உண்டு. தனி ஆளிடம் வாங்கினால் அது கிடையாது.

வாங்கிய பின் பாலிஷ் போடாதீர்கள், நெளிவை விரலால் நிமிர்த்தாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் செருகாமல், ஆழமான பெட்டியில் படுக்கவைத்துவிடுங்கள்.