கேட்டைச் சாத்திய பெண்கள் – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எந்த நாட்டில் ஆட்சியாளரை மக்கள் விரட்டினாலும் ‘பின்னால் அமெரிக்கா இருக்கிறது’ என்று டிவியில் சொல்கிறார்கள். இலங்கைக்கும் சொன்னார்கள், வங்கதேசத்துக்கும் சொன்னார்கள். உண்மையில் யார்தான் இதையெல்லாம் நடத்துகிறார்கள்?
– விசைத்தறித் தொழிலாளி, அம்மாப்பேட்டை

பதில்: தம்பி, வெளிநாட்டுக் கையே கிடையாது என்று நான் சாதிக்க மாட்டேன். 1953 ஆகஸ்டில் ஈரானில் மொசாதேக் ஆட்சியைக் கவிழ்த்ததில் தனக்குப் பங்கு உண்டு என்பதை அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவே ஒப்புக்கொண்ட ஆவணம் 2013ல் வெளிவந்தது. எண்ணெயை நாட்டுடைமை ஆக்கியதுதான் அவர் மேல் இருந்த கோபம். ஆனால் அங்கே கவிழ்ந்தது நாடாளுமன்ற ஆதரவு பெற்ற பிரதமர், லாபம் அடைந்தது ஷா மன்னர். அதே ஷாவை 1978 கடைசியில் ஆட்டிப்பார்த்தவர்கள் யார்? எண்ணெய் வயல்களிலும் சுத்திகரிப்பு ஆலைகளிலும் வேலையை நிறுத்திய தொழிலாளர்கள். அரசாங்கத்தின் வருமானமே வற்றிப்போனது. 1979 ஜனவரி 16 அன்று ஷா விமானம் ஏறிவிட்டார். அவரைத் தூக்கி நிறுத்திய வாஷிங்டனால் அன்றைக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

செர்பியாவில் ஆட்சியில் இருந்த மிலோசெவிச்சை எதிர்த்த ‘ஓட்போர்’ இளைஞர் அமைப்புக்கு அமெரிக்கப் பணம் வந்தது உண்மை. பணத்தால் நோட்டீஸ் அடிக்கலாம், ஸ்டிக்கர் ஒட்டலாம், பயிற்சி வகுப்பு நடத்தலாம். கொலுபாரா நிலக்கரிச் சுரங்கத்தில் ஆயிரக்கணக்கான ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு, போலீஸ் வந்து நின்றும் அசையாமல் இருந்தார்களே, அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. கரி நின்றால் அனல்மின் நிலையம் நிற்கும். மேட்டூரைப் பக்கத்தில் வைத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2000 அக்டோபர் 5 அன்று தலைநகர் பெல்கிரேடில் நாடாளுமன்றத்துக்குள் கூட்டம் புகுந்ததைத்தான் உலகம் படத்தில் பார்த்தது. சுரங்கம் அதற்கு முன்பே, செப்டம்பர் கடைசியிலேயே நின்றுவிட்டது.

நான் மில்லில் வைண்டிங்கில் வேலை பார்த்தவள், சங்கக் கமிட்டியிலும் இருந்தவள். எந்தப் போராட்டத்தைப் பற்றிப் படித்தாலும் யார் வேலையை நிறுத்தினார்கள், எத்தனை நாள் தாங்கினார்கள், அந்த நாளெல்லாம் என்ன சாப்பிட்டார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். அப்படித் தேடும்போது போலந்தைப் போல மனசில் நிற்பது வேறு எதுவும் இல்லை.

1970 டிசம்பரில் விலை உயர்வை எதிர்த்து கதான்ஸ்க் துறைமுக நகரத்தில் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, பலர் செத்தார்கள். அந்தச் சாவை அவர்கள் பத்து வருடம் சுமந்தார்கள். 1980 ஆகஸ்ட் 14 அன்று லெனின் கப்பல் தளத்தில் மறுபடி வேலைநிறுத்தம் தொடங்கியபோது, தெருவுக்கே வராமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். தீ மூண்டது ஒரு பெண்ணை முன்னிட்டு. அன்னா வாலன்டினோவிச், கிரேன் ஓட்டுபவர். ஓய்வு பெற ஐந்து மாதம் இருக்கும்போது அவரை வேலையைவிட்டுத் தூக்கினார்கள்.

மூன்றாம் நாள், ஆகஸ்ட் 16, நிர்வாகம் இறங்கி வந்தது. சம்பளத்தைக் கூட்டுகிறோம், அன்னாவையும், போராட்டத் தலைவரான எலக்ட்ரீஷியன் லேக் வவேன்சாவையும் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றது. வேலைநிறுத்தம் முடிந்தது என்று வவேன்சா அறிவித்துவிட்டார். ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆனால் இந்தத் தளத்தை நம்பி வேலையை நிறுத்திய சின்னச் சின்ன ஆலைகளின் கதி? டிராம் ஓட்டுநர் ஹென்ரிகா க்ஷிவோனோஸ் அதைத்தான் கேட்டார், நீங்கள் போய்விட்டால் எங்களை நசுக்கிவிடுவார்களே என்று. ஒலிபெருக்கியை நிறுத்தியாகிவிட்டது. அன்னாவும், தளத்து நர்ஸ் அலீனா பியென்கோவ்ஸ்காவும் கேட்டுக்கு ஓடி, வெளியேறுகிறவர்களைத் தொண்டை கிழியக் கூப்பிட்டு மறித்து, கேட்டைச் சாத்த வைத்தார்கள்.

தலைவர் ‘முடிந்தது’ என்று சொன்ன பிறகு ஒரு கூட்டத்தைத் திருப்புவது என்னவென்று கேட் மீட்டிங் பார்த்தவர்களுக்குத் தெரியும். டிபன் பாக்ஸைப் பையில் போட்டுக்கொண்டு கால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பிவிட்டால் அப்புறம் யார் பேச்சும் காதில் ஏறாது. கதான்ஸ்க்கிலும் பெரும்பாலானவர்கள் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களை வைத்துக்கொண்டு அன்று ராத்திரியே மற்ற ஆலைகளையும் சேர்த்துக் கூட்டுக் கமிட்டி அமைத்தார்கள். வவேன்சாவும் திரும்ப அவர்களோடு நின்றார். கோரிக்கை 21 ஆனது, முதல் கோரிக்கை சுதந்திரமான தொழிற்சங்கம். ஆகஸ்ட் 31 அன்று அரசாங்கம் கையெழுத்துப் போட்டது. அடுத்த வருடத்துக்குள், அப்படிப் பிறந்த ‘சாலிடாரிட்டி’ சங்கத்தில் ஏறக்குறைய ஒரு கோடி உறுப்பினர். சிஐஏ பணம் அந்த இயக்கத்துக்குப் போனது 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்த பிறகு. கேட்டைச் சாத்தச் சொல்லி அந்தப் பெண்களுக்கு எந்த ஊரிலிருந்தும் உத்தரவு வரவில்லை.

இலங்கை விஷயமும் அப்படித்தான். அதிபராக இருந்த கோத்தபய தேர்தலில் ஜெயித்தவர், அதைச் சொல்லிவிட வேண்டும். 2021ல் ரசாயன உரத்துக்குத் தடை போட்டு விவசாயியின் வயிற்றில் அடித்ததும், 2022ல் கேஸுக்கும் டீசலுக்கும் ஜனங்களை ராப்பகலாக வரிசையில் நிற்க வைத்ததும் அவருடைய அரசாங்கம். வரிசையில் நின்றவர்கள்தான் கொழும்பு காலிமுகத்திடலுக்குப் போராடப் போனார்கள். அவர்கள் பட்ட பாட்டை ஒரு தூதரகத்தின் கணக்கில் எழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கேள்வி: எகிப்தில் 2011ல் நடந்ததை ‘ஃபேஸ்புக் புரட்சி’ என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். சரியா?
– கல்லூரி மாணவி, ஓமலூர்

பதில்: கண்ணு, ஃபேஸ்புக் செய்தியைக் கொண்டுபோனது, அதற்குமேல் அதற்கு மாலை போட வேண்டாம். 2011 ஜனவரி 28 அன்று அதிபர் முபாரக் நாடு முழுக்க இன்டர்நெட்டை வெட்டினார். போலீஸைப் பின்வாங்க வைத்த மாபெரும் கூட்டம் திரண்டது அதே நாளில்தான்.

கதையை 2006 டிசம்பரில் இருந்து படியுங்கள். நைல் டெல்டாவில் மஹல்லா அல்-குப்ரா என்ற நெசவு ஊர். இருபதாயிரத்துக்கு மேல் ஆட்கள் வேலை பார்த்த அரசாங்க மில். தருவதாகச் சொன்ன போனஸ் வரவில்லை. தையல் பிரிவுப் பெண்கள் சுமார் 3,000 பேர் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து, ஸ்பின்னிங், வீவிங் பிரிவுகளுக்குள் ஊர்வலமாகப் போனார்கள். ‘பெண்கள் இங்கே இருக்கிறோம், ஆண்கள் எங்கே’ என்று அவர்கள் போட்ட கோஷத்துக்கு அப்புறம்தான் ஆண்கள் மிஷினை நிறுத்தினார்கள். போனஸ் கிடைத்தது. அதைப் பார்த்து மற்ற ஆலைகளிலும் வேலைநிறுத்தம் பரவியது. 2008 ஏப்ரல் 6 அன்று அதே ஊரில் மறுபடி கிளர்ச்சி. முபாரக் படத்தைக் கிழித்தார்கள். நீங்கள் படித்திருக்கக்கூடிய ‘ஏப்ரல் 6 இளைஞர் இயக்கம்’ பெயர் வாங்கியது அந்தத் தேதியில் இருந்துதான். 2011 பிப்ரவரி 11 அன்று முபாரக் இறங்குவதற்கு முந்தைய சில நாட்களில் பஸ், ரயில், ஆலை, சூயஸ் கால்வாய்க் கம்பெனிகள் என்று வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவியிருந்தது. தலைநகரில் கூட்டம் திரண்ட தஹ்ரீர் சதுக்கத்தைப் படம் பிடித்தவர்கள் அந்தக் கேட்டுகளுக்குப் போகவில்லை.

கேள்வி: பசிதானே எல்லாவற்றுக்கும் காரணம்? வயிறு காய்ந்தால் ஜனங்கள் எழுவார்கள் அல்லவா?
– காபி எஸ்டேட் மேஸ்திரி, ஏற்காடு

பதில்: ஐயா, பசி மட்டும் போதும் என்றால் உலகத்தில் ஒரு சர்வாதிகாரிகூட மிஞ்சியிருக்க மாட்டான். வயிறு காய்ந்தவன் முதலில் தன் பிள்ளைக்குச் சோறு தேடுவான். நூல் விலை ஏறித் தறி நின்ற காலங்களில் நம் ஜில்லாவில் நெசவாளர்களுக்குக் கஞ்சித் தொட்டி திறந்ததை நான் பார்த்திருக்கிறேன். தூக்குப் போணியோடு வரிசையில் நின்றவர்கள் முகத்தில் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது. தெரிந்தவர் வந்தால் போணியை முந்தானையில் மறைத்துக்கொள்வார்கள். நாலு பேர் சேர்ந்து ‘இது நம் தப்பு இல்லை’ என்று பேசிக்கொண்ட பிறகுதான் அந்த வெட்கம் போகும். பேசிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். சங்கம், டீக்கடை, கோயில், பள்ளிவாசல், எதுவாகவும் இருக்கலாம்.

சூடானில் 2018 டிசம்பரில் ரொட்டி விலை ஒரு பவுண்டில் இருந்து மூன்று பவுண்டுக்கு ஏறியது. நாடு பூராவும் கஷ்டம்தான், ஆனால் டிசம்பர் 19 அன்று பெரிதாக வெடித்தது அத்பராவில். அது ரயில்வே ஊர், அந்த நாட்டின் தொழிற்சங்கம் பிறந்த ஊர். அதற்கப்புறம் நாடு முழுக்கப் போராட்டத்துக்கு நாள் குறித்தது டாக்டர்கள், ஆசிரியர்கள், வக்கீல்கள் சேர்ந்த ஒரு சங்கக் கூட்டமைப்பு. முப்பது வருடம் ஆண்ட பஷீர் 2019 ஏப்ரல் 11 அன்று போனார்.

பர்மாவில் 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகளைச் செல்லாது என்றார்கள், மாற்றிக்கொள்ளவும் வழி விடவில்லை. கல்லூரிப் பிள்ளைகள் ஃபீஸுக்கு வைத்திருந்த பணம் வெறும் காகிதமானது. 1988 மார்ச்சில் ஒரு டீக்கடைச் சண்டையில் ஆரம்பித்தது, ஆகஸ்ட் 8 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் ஆனது. 1964ல் கடைகளை நாட்டுடைமை ஆக்கியபோது நம் தமிழர்கள் கட்டிய துணியோடு திரும்பிவந்ததும் அதே ராணுவத் தலைவர் நே வின் ஆட்சியில்தான்.

கேள்வி: கடைசியில் ராணுவம் சுடாமல் இருந்தால்தானே ஜெயிக்க முடிகிறது? அப்படியானால் முடிவு ராணுவத்தின் கையில்தானே?
– வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: கடைசி நாள் அவர்கள் கையில்தான், ஒத்துக்கொள்கிறேன். 1989 ஜூன் 4 அன்று போலந்தில் மக்கள் வரிசையில் நின்று கம்யூனிஸ்ட் கட்சியை ஓட்டில் தோற்கடித்தார்கள். அதே நாள் பெய்ஜிங்கில் தியானன்மென் பக்கம் டாங்கிகள் ஆட்களைக் கொன்றன. சீனாவிலும் ஒரு ஜெனரல், ஷு சின்சியான், மக்கள் மேல் படையைக் கொண்டுபோக மாட்டேன் என்று மறுத்தார். ஐந்து வருடம் சிறை. ஒருவர் மறுத்தால் அவரை உள்ளே தள்ளிவிட்டு வேறு படையைக் கொண்டுவந்துவிடலாம்.

ஆனால் மறுக்கும் தைரியம் சிப்பாய்க்குத் தானாக வருவதில்லை. பிலிப்பைன்ஸில் 1986 பிப்ரவரி 7 அன்று தேர்தல். இரண்டு நாள் கழித்து, ஓட்டு எண்ணிக்கையைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்த சுமார் 35 பேர், பெரும்பாலும் பெண்கள், தாங்கள் ஏற்றும் எண் ஒன்று பலகையில் வரும் எண் ஒன்று என்று கண்டு, எழுந்து வெளியே நடந்துவிட்டார்கள். உயிருக்குப் பயந்து தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தார்கள். ராணுவ மந்திரி என்ரிலேயும் ஜெனரல் ராமோஸும் சர்வாதிகாரி மார்கோஸைக் கைவிட்டது பிப்ரவரி 22 அன்றுதான். டாங்கிக்கு முன்னால் ஜெபமாலையோடு கன்னியாஸ்திரிகள் மண்டியிட்ட படம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கம்ப்யூட்டர் பெண்களை யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால் மணிலாவில் முதலில் உத்தரவை மீறியவர்கள் வரிசையில் அவர்களை வைப்பேன்.

கேள்வி: நாம் சர்வாதிகாரத்தைப் பார்த்ததே இல்லை என்று சொல்லலாமா?
– ஓய்வு பெற்ற தபால்காரர், அஸ்தம்பட்டி

பதில்: சொல்ல முடியாது. 1974 மே மாதம் லட்சக்கணக்கான ரயில்வே தொழிலாளர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள், நசுக்கப்பட்டார்கள். அடுத்த வருடம் ஜூன் 25 அன்று எமர்ஜென்சி. 1977 மார்ச்சில் அதற்குத் தண்டனை கொடுத்தது வட இந்திய வாக்காளர்கள், முக்கியமாகக் கட்டாயக் குடும்பக்கட்டுப்பாட்டுக்குப் பயந்து வயல்காட்டில் ஒளிந்த ஏழைகள். தமிழ்நாட்டில் அந்தத் தேர்தலில் காங்கிரஸ் இருந்த கூட்டணிதான் பெரும்பாலான தொகுதிகளை வென்றது. அது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. உங்கள் பகுதியில் இருக்கும் சேலம் மத்தியச் சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று 22 கம்யூனிஸ்ட் கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டதையும் உங்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நாடு குடியரசாகி அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை.

கேள்வி: விரட்டிய பிறகு எகிப்தில் ராணுவம், சூடானில் உள்நாட்டுப் போர். பாடுபட்டவர்களுக்கு என்ன கிடைத்தது?
– இல்லத்தரசி, கொண்டலாம்பட்டி

பதில்: அம்மா, இது நெஞ்சை அறுக்கும் கேள்வி. வேலையை நிறுத்தியவர்கள் ஒருவர், பேச்சுவார்த்தை மேஜையில் உட்கார்ந்தவர்கள் வேறொருவர். எகிப்தில் 2013ல் ராணுவத் தளபதி சிசி வந்தார், சுதந்திரத் தொழிற்சங்கங்களை ஒடுக்கினார். துனிசியாவில் பெரிய தொழிற்சங்கமே பேச்சுவார்த்தையை நடத்தியதால் 2014ல் நல்ல அரசியல் சட்டம் கிடைத்தது. அங்கும் 2021 ஜூலையில் அதிபர் கைஸ் சையத் நாடாளுமன்றத்தை முடக்கிவிட்டார். சூடானில் ராணுவம் 2021 அக்டோபரில் அதிகாரத்தைப் பறித்தது, 2023 ஏப்ரல் 15 அன்று இரண்டு படைகள் தங்களுக்குள்ளேயே சுட ஆரம்பித்தன.

ஒன்றும் மிஞ்சவில்லையா என்றால், மிஞ்சியிருக்கிறது. பஷீரை எதிர்த்துத் தெருத்தெருவாக அமைத்த எதிர்ப்புக் கமிட்டிகளின் ஆட்கள் போர் வந்ததும் ‘அவசர உதவி அறைகள்’ என்று அமைத்தார்கள். அரசாங்கமே இல்லாமல்போன தலைநகர் கார்ட்டூம் பேட்டைகளில் பொதுச் சமையல் செய்து ஊட்டியதும், காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு போனதும் அவர்கள்தான். அந்தப் பையன்களும் பெண்களும் பலர் அந்த வேலையில் இருக்கும்போதே கைதாகியிருக்கிறார்கள், செத்தும் இருக்கிறார்கள். ஆனாலும் அடுப்பை அணைக்கவில்லை.